சுகந்தி தெருவின் கடைசி ஓரடி

ஈரம் முழுதாகக் காயாத வயல் மண்ணில் சுண்ணாம்புத் தூள் விழுந்தால் மூக்கின் நுனியைச் சுள்ளென்று பிடிக்கும் ஒரு வாசனை எழும். கொஞ்ச நேரம் கழித்து அது தொண்டையில் லேசான காரமாக இறங்கும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அறுவடை முடிந்து, டிராக்டர் நிரவிய பிறகும் அங்கங்கே தாள்கள் குத்திக்கொண்டு நின்ற வயலில், தேவராஜ் மாமா ஒரு பழைய பால் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, ஆட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். அவர் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் தெரு என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

எங்கள் காலனிக்கும் கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவில் கிடந்தது அந்த வயல். என் தாத்தா காலத்து ஆட்கள் அதில் கூலிக்கு நாற்று நட்டார்கள். என் அம்மா பாக்கியமும் கல்யாணத்துக்கு முன்பு அதில் களை பறித்தவள்தான். தொழிற்பேட்டை வந்த பிறகு எல்லோரும் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார்கள். நைனா இரும்பு உருக்கும் ஆலையிலும் அம்மா பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியிலும் சேர்ந்தார்கள். (அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா வந்துவிடும் என்பதால் தெலுங்கு எங்கள் வீட்டுக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது.) வேலை மாறியதே தவிர, நடக்கிற பாதை மாறவில்லை. கம்பெனி பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும், பள்ளிக்கூடம் ஸ்டேஷனை ஒட்டி இருக்கும், ரேஷன் கடையும் அங்கேதான். வயலுக்குக் குறுக்கே வரப்பைப் பிடித்து நடந்தால், வாயில் போட்ட மிட்டாய் கரைவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வரப்பில் நடந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கும் என்று. ஒரு பக்கம் தண்ணீர் நின்றால் சுற்றி வேறு பக்கம் போகலாம், எதிரே பிடிக்காத ஆள் வந்தால் பாதியிலேயே திரும்பி வேறு வரப்பில் ஏறிவிடலாம். அம்மா மாமாவை அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டாளாம். அம்மாவின் ஒரே தம்பி அவர். பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட, அக்காவே அவரைத் தூக்கி வளர்த்து, தான் படிக்காமல் அவரைப் படிக்க வைத்தாள். மழைக்காலத்தில் அவர் சட்டையில் சேறு படக்கூடாது என்று இடுப்பில் உட்கார வைத்துக்கொண்டு வரப்பைக் கடப்பாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

வயலை யாரோ மெட்ராஸ் முதலாளி வாங்கிவிட்டார், மனை போடப் போகிறார் என்று தெரிந்ததும் காலனிக்குள் பயம் வந்தது. மண்ணை நிரவ டிராக்டர் வந்த காலையில், ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் டிபன் டப்பாவோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பாதைக்கு ஒரு வழி சொல்லாமல் மண்ணைத் தொடக்கூடாது என்றார்கள். முன்வரிசையில் அம்மா இருந்தாள். டிராக்டர்காரன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யாருக்கோ சொல்லி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் பைக்கில் வந்து இறங்கியது யார் என்று பார்த்தால் எங்கள் தேவராஜ் மாமா. முதலாளிக்கு மனை விற்றுத் தரும் பொறுப்பை அவர்தான் எடுத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அக்கா, நான் இருக்கச்சொல்ல நீ இன்னாத்துக்கு வெயில்ல குந்திக்கினு கீற? வரப்பு ஒரு பாதையா? முப்பது அடி ரோடு வருது. தார் ரோடு. நேரா வந்து நம்ம காலனித் தெருவுல சேரும். இனிமே ஸ்டேஷனுக்கு ஆட்டோவுலயே போலாம்,” என்றார் மாமா.

“நெசமாத்தான் சொல்றியாடா?”

“உன் கையிலயா பொய் சொல்லுவேன்?”

அம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். “எழுந்துருங்கடி. என் தம்பி சொல்லிட்டான்,” என்றாள் மற்றவர்களிடம். எதிர்வீட்டு எஸ்தர் அத்தை மட்டும் எழுந்திருக்கத் தயங்கினாள். “வாயால சொல்றது சரி பாக்கியம், நாளைக்கு மாறிட்டா?” என்று கேட்டாள். “மாறுனா என்னைக் கேளு,” என்று அம்மா மார்பில் தட்டிச் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் காலனி எழுந்து வழிவிட்டது. டிராக்டர் வரப்புகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போனதை நாங்கள் கைதட்டிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் என் சிறு வயதின் பொற்காலம். இதைச் சொல்ல எனக்கே கோபமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். வீடுகளே இல்லாமல் தெருக்கள் மட்டும் இருக்கிற ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடுகளால் ஆன தெருக்கள், மூலைக்கு மூலை நட்ட கற்கள், கல்லின் தலையில் மஞ்சள் பெயின்ட். எந்தத் தெருவிலிருந்தும் எந்தத் தெருவுக்கும் போகலாம். பள்ளிக்கூடம் விட்டதும் காலனிப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான் கிடந்தோம். ஆளுக்கொரு மனையைப் பிடித்துக்கொண்டு, அதுதான் ‘என் ஊடு’ என்று சொல்லி, இல்லாத கதவைத் தட்டி, இல்லாத வாசலில் விருந்தாளிகளை உட்கார வைத்தோம். எஸ்தர் அத்தையின் மகள் ஸ்டெல்லா என் பக்கத்து மனைக்காரி. இல்லாத சுவருக்கு மேல் அவள் என்னிடம் சர்க்கரை கடன் கேட்பாள், நான் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கொடுப்பேன். “கோட்டுக்கு வெளிய கால வெச்சா அவுட்டு” என்பது மட்டும்தான் அந்த ஊரின் சட்டம்.

மாமா எங்களை விரட்டியதே இல்லை. ஒருநாள் தகரப் பலகைகளும் பெயின்டு டப்பாவுமாக வந்து, தெருக்களுக்குப் பெயர் வைக்க வேண்டும், ஆளுக்கொரு பெயர் சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் பூப் பெயர், தலைவர் பெயர், மாட்டுப் பெயர்கூடச் சொன்னார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஆரம்பித்து எங்கள் காலனியை நோக்கி நேராக வருகிற பெரிய தெரு மட்டும் பாக்கி இருந்தது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிரஷ்ஷை முக்கி, பலகையில் ‘சுகந்தி தெரு’ என்று எழுதினார். என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அம்மா படிக்காதவள் என்பதால், எது எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். பெயின்டு காயாமல் இருந்ததில் அவள் விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரி சோறு பிசையும்போதுகூட அதைத் தேய்த்துக் கழுவவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து வேனில் ஆட்கள் வருவார்கள். மனை பார்க்க வருகிறவர்களுக்காக ஷாமியானா போட்டு, கலர்க் கொடி கட்டி, மத்தியானத்துக்குப் பிரிஞ்சிப் பொட்டலம் கொடுப்பார்கள். தட்டில் ஜூஸ் டம்ளர்களை வைத்து எல்லோருக்கும் நீட்டுவது என் வேலை. யாரும் சொல்லி நான் செய்யவில்லை. என் தெருவுக்கு வருகிற விருந்தாளிகள் என்று நினைத்து நானே ஏற்றுக்கொண்ட வேலை அது. மாமா அன்று வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, கையில் நீளக் குச்சியோடு, வேறு யாரோ மாதிரி பேசுவார். ‘இன்னா’ எல்லாம் ‘என்ன’ ஆகிவிடும், ‘ஊடு’ எல்லாம் ‘வீடு’ ஆகிவிடும். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுத்தர வயதில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் சுகந்தி தெருவின் கோடி வரை நடந்து வந்தார்கள். மாமா குச்சியால் மனைகளைக் காட்டிக்கொண்டே முன்னால் போக, நான் தட்டோடு பின்னால் போனேன். அந்த அம்மாள் நின்று, எதிரே தெரிந்த எங்கள் காலனி வீடுகளையும் கோயில் கொடியையும் சர்ச்சின் சிலுவையையும் பார்த்தார்.

“அந்தப் பக்கம் யாரு இருக்காங்க? இந்தத் தெரு அங்க போய்ச் சேருமா?”

“ஐயோ, இல்லைங்க மேடம்,” என்றார் மாமா உடனே. “அது காலனி. அதுக்கும் நமக்கும் எந்த கனெக்‌ஷனும் கிடையாது. நம்ம ரோடு இங்கயே டெட் எண்ட். குறுக்க செவுரு வந்துடும்.”

அந்த அம்மாளுக்கு முகம் தெளிந்தது. திரும்பும்போது பலகையைப் படித்தார். “சுகந்தி தெரு. பேரு நல்லாருக்கே, யாரோடது?”

“எங்க முதலாளி பொண்ணு பேரு மேடம்.”

நான் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் நல்லவர்தான். குனிந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, “உன் பேரு என்ன பாப்பா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பதில் சொல்லிவிட்டார்.

“லட்சுமி, மேடம். இங்க வேலைக்கு வர்றவங்க பொண்ணு.”

அவர் கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை, யோசிக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி ஒரு கண்ணடித்தாவது இருந்தால், விளையாட்டு என்று நானே சமாதானம் ஆகியிருப்பேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தட்டில் மிச்சம் இருந்த ஜூஸை நான் என் தெருவிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். “வியாபாரம் பண்றவன் நாலு பொய் சொல்லுவான். அவங்களுக்குச் சொன்னது அவங்களுக்கு, நமக்குச் சொன்னது நமக்கு,” என்றாள். “என் பேர மாத்திச் சொன்னாரும்மா,” என்றேன். “போடி, அதுக்கு ஒரு பேஜாரு பண்ணிக்கினு,” என்று செதிள் ஒட்டிய கையால் என்னைத் தள்ளினாள். ஆனால் அன்று மீனை அவள் சரியாகக் கழுவவில்லை. குழம்பில் மண் நெறுநெறுத்தது.

பிறகு தார் வந்தது. கொதிக்கிற டிரம்களும் ரோடு உருளையுமாக, ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கறுப்பாக, பளபளப்பாக எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. காலனியே தெருமுனையில் கூடி நின்று பார்த்தது. எங்கள் தெருவின் சிமென்டு வந்து நிற்கிற இடத்துக்கு ஓரடி முன்னால், அளந்து வைத்தது போல, தார் நின்றுவிட்டது. நடுவில் ஓரடி அகலத்துக்குச் செம்மண், தெருவின் முழு அகலத்துக்கும் புடவைக் கரை போட்டது போல. வேலையாட்கள் சட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மறந்துவிட்டார்கள், நாளைக்கு வந்து போடுவார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அந்த ஓரடி இன்னும் வசதியாகப் போயிற்று. அதில் கட்டம் கீறிப் ‘பாண்டி’ ஆடினோம்.

எஸ்தர் அத்தைக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. அவள் பிறந்த ஊர் புதுவாயல். அங்கே ஹைவே ஓரம் மனைகள் முன்பே வந்துவிட்டதால், இந்த வேலையெல்லாம் அவள் பார்த்திருந்தாள். “பாக்கியம், அது மறந்து வுட்டது இல்ல. வேணும்னே வுட்டது,” என்றாள். மனை போடுகிறவர்கள் தெருவை முழுதாகப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கமாட்டார்களாம். கடைசி ஓரடியை மட்டும் தங்கள் பேரில் நிறுத்திக்கொள்வார்களாம். தெரு ஊருடையது, ஓரடி அவர்களுடையது. நாளைக்குப் பின்பக்கத்து நிலத்துக்காரன் மனை போட்டு, இந்தத் தெருவோடு சேர வேண்டும் என்று வந்தால், அந்த ஓரடிக்காக இவர்கள் கேட்டதைக் கொடுத்துத்தான் சேர வேண்டும். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் பின்பக்கம் இருந்தால், தெரு சேரவே சேராது.

அம்மா நம்பவில்லை. சுவர் எழும்பிய பிறகுதான் நம்பினாள். அதையும் எல்லோரும் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் கட்டினார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிப் புதுத் தார் ரோட்டில் வேகமாக நடந்து வந்த பெண்கள், தங்கள் வீட்டு விளக்குக்குப் பத்து எட்டு முன்னால், ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற ஈரச் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். திரும்பிப் போய், ஸ்டேஷன் ரோட்டைப் பிடித்து, ஹைவேயில் ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக நடந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து, காலனிக்கு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. யாரும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு பஜாரில் இருந்த மாமாவின் ஆபீஸுக்குப் போனாள்.

“வா அக்கா, நாஷ்டா ஆச்சா?” என்றார் மாமா, எதுவும் நடக்காதது போல.

“செவுத்த எடுறா.”

“அக்கா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. பின்னால நிலம் வெச்சினு கீறவன் நாளைக்கு மனை போடுவான், அப்ப தானா உடையும். இப்ப உடச்சா ஒரு மனை விக்காது. வாங்க வர்றவன் மொதல்ல கேக்குறதே அந்தப் பக்கம் யாருன்னுதான்.”

“அந்தப் பக்கம் நான்தான்டா கீறேன்.”

மாமா மேசைமேல் விரித்திருந்த மனை வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“உன்ன இடுப்புல தூக்கிக்கினு அந்த வரப்பு மேலதான்டா ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனேன். மறந்துட்டியா?”

மாமா மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். “மறக்கல அக்கா. நான் திரும்ப அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதானே என்னப் படிக்க வெச்ச?” என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே அக்காவிடம் நியாயம் கேட்பது போலத்தான் கேட்டார். அம்மா அங்கே அழவில்லை. வெளியே வந்து, பஜாரில் ஒரு கடையின் முன்னால் நின்று, வாங்காத பாத்திரம் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் என்ன விலைக்கு வேண்டும் என்று கேட்டபோதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

சுவர் என்ன செய்தது என்று கேட்டால், ஒரேயடியாக எதையும் செய்யவில்லை என்றுதான் சொல்வேன். ஹைவேயில் பெண் பிள்ளைகளை அனுப்பப் பயந்து, ஒவ்வொரு வீடாகப் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். ஸ்டெல்லா எட்டாவதோடு நின்று கம்பெனிக்குப் போனாள். வகுப்பில் அவள் என்னைவிட நன்றாகப் படித்தவள். அம்மா முதல் ஷிப்டை விட்டுவிட்டு, கூலி குறைந்த வேறு வேலைக்கு மாறிக்கொண்டு, தினமும் என்னோடு ஹைவேயில் நடந்தாள். லாரி பக்கம் அவள், மண் பக்கம் நான். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை, கல்யாணம் காதுகுத்துக்குக் கூப்பிடாமலும் இல்லை. ஆனால் ஒரு காரியத்துக்கு முன்னால் நின்று பேச, “பாக்கியத்தக் கூப்புடு” என்று சொல்வது நின்றுபோயிற்று. தானாகவும் அவள் போய் நிற்கவில்லை.

சுவர் எழுப்பியும் அதை ஒட்டிய கடைசி மனை விற்கவில்லை. சுவரின் மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலாளி அதையும் கூடவே அந்த ஓரடியையும், மாமாவுக்குச் சேர வேண்டிய கமிஷனுக்குப் பதிலாக அவர் பேரில் தள்ளிவிட்டார். மாமா அங்கேயே மாடி வீடு கட்டிக் குடிவந்தார். அவர் வீட்டுக் குக்கர் விசில் எங்கள் அடுப்படியில் கேட்கும், எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசனை நிச்சயம் அவர் ஹாலுக்குப் போயிருக்கும். முதல் பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுவர, காரில் ஹைவேயைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா கதவைத் திறக்கவில்லை. “செவுத்து மேல போட்டுட்டுப் போவச் சொல்லுடி,” என்று உள்ளேயிருந்து என்னிடம் சொன்னாள். அவள் கோபத்தில் சொன்னதை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் காலையில் சுவருக்கு மேலே கரும்புத் தோகை எட்டிப் பார்க்கும், பிறகு முழுக் கரும்பும் மெதுவாக இந்தப் பக்கம் சரியும். காலனிப் பிள்ளைகள் காத்திருந்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அம்மா அதில் ஒரு கணுவைக்கூடக் கடித்ததில்லை.

நாங்கள் பெரியவர்களாகிக்கொண்டிருந்தபோது சுற்றிலும் இருந்த வயல்களெல்லாம் ‘நகர்’ ஆயின. ஒவ்வொரு நகரும் ஹைவேயையோ ஸ்டேஷன் ரோட்டையோ பார்த்து ஒரு வளைவு கட்டி வாயைத் திறந்துகொண்டது. பின்பக்கம் எல்லாம் சுவர். காலனியை ஒட்டிப் பின்னால் இருந்த நிலத்துக்காரரும் மனை போட்டார். ஆனால் மாமாவின் ஓரடியைக் கேட்டு வரவில்லை, வேறு பக்கமாக வழி வைத்துக்கொண்டு, தன் பங்குக்கு அவரும் ஓரடியை நிறுத்திக்கொண்டார். இன்று பக்கத்து நகரில் இருக்கிற தோழியின் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணியின் நிறம் எனக்குத் தெரியும். அவளைப் பார்க்க வேண்டும் என்றால் ஹைவே வரை போய்த் திரும்ப வேண்டும். ஊர் பெரிதாகிவிட்டது என்கிறார்கள். நடக்கிற தூரம் பெரிதாகியிருக்கிறது, அது உண்மை.

போன ஆடியில் ஒரு காலை, சுவருக்கு மறுபக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகலாம் வா என்று நான் கூப்பிட்டதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மனைகளையும் பூங்காவையும் தண்ணீர்த் தொட்டியையும் கோடு போட்டவர்களுக்கு, அந்த நகரில் ஒருவர் சாகவும் கூடும் என்று தோன்றவில்லை. சுடுகாட்டுக்கு இடமே விடவில்லை. மற்றவர்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவின் மகன் அங்கே கேட்கப் போனபோது, யார் மகன், எந்தத் தெரு, பூர்வீகம் எங்கே என்று கேட்டுவிட்டு, “உங்களுக்குன்னு அந்தப் பக்கம் தனியா இருக்குதே” என்று சொல்லிவிட்டார்களாம். இத்தனை வருடமும் ‘நம்ம தேவராஜ் சார்’ என்று கூப்பிட்ட ஊர் அது. காலனியின் இடுகாடு எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஏரிக்கரையில். அதாவது மாமா வீட்டுக்கும் பின்னால்தான். நடுவில் இருந்தது அந்தச் சுவர் மட்டும்.

மாமாவின் மகன் எனக்குப் போன் செய்து அழுதான். “அக்கா, நாலு வரிசை கல்ல எடுத்தா அப்படியே தூக்கிக்கினு வந்துடலாம். அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்றாங்க. உடைச்சா அப்புறம் அதுவே வழியாயிடும்னு சொல்றாங்க,” என்றான். இதைக் கேட்ட காலனிப் பையன்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்தப் பக்கமிருந்தே இடித்துவிடலாம், சாவை வைத்துக்கொண்டு யார் வந்து தடுப்பார்கள் என்று துடித்தார்கள். எஸ்தர் அத்தை அவர்களை நிறுத்தி, பல வருடத்துக்குப் பிறகு, “பாக்கியத்தக் கேளுங்கடா,” என்றாள்.

அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“ஸ்டெல்லாவுக்கு இடிக்காத செவுர இவனுக்கு இன்னாத்துக்கு இடிக்கணும்? கடப்பாரையக் கீழ போடுங்க,” என்றாள். “அவன் போட்ட ரோட்டுலயே சுத்திக்கினு வரட்டும்.”

பையன்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். பூ ஜோடித்த வண்டி சுகந்தி தெருவில் கிளம்பி, ஸ்டேஷன் ரோடு போய், ஹைவேயில் ஏறியது. மேளச் சத்தம் எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டே இருந்தது. ஷிப்டு மாறுகிற நேரம். கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர்களுக்கும் நடுவில் வண்டி மாட்டிக்கொண்டு, திரும்புவதற்கு இடம் தேடி, அந்தக் கோடிவரை போய் வந்ததாம். அம்மா ஒரு சொம்பில் பாலை வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில், காலனித் தெருமுனையில் நின்றாள். நிழலுக்கு வரச் சொல்லியும் வரவில்லை. மேளம் திரும்பவும் கேட்க ஆரம்பித்து, வண்டி வந்து நின்றபோது, அதிலிருந்த பூவில் பாதி ஹைவேயிலேயே உதிர்ந்துபோயிருந்தது. அம்மா மேலே ஏறி, தம்பியின் வாயில் பாலை விட்டாள். கன்னத்தைத் துடைத்துவிட்டாள். குழந்தைக்குச் சொல்வது போல, “தெரிஞ்சுதாடா எம்மாந்தூரம்னு?” என்றாள். பிறகுதான் அழுதாள்.

நான் அழவில்லை. இறந்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. அம்மாவுக்கு அவர் செய்ததை அம்மா எப்படியோ தீர்த்துக்கொண்டாள். எனக்குச் செய்ததை நான் யாரிடம் போய்க் கேட்பது? முதலில் கேட்ட அந்நியர் ஒருவருக்காக, அவர் என் பெயரையே எடுத்துத் தூரப் போட்டார். கரும்பை எட்டிப் போட்ட கை அதற்கு ஒருநாளும் பதில் சொல்லவில்லை.

இன்று அந்த வயலின் அடையாளமாக ஒரு பிடி தாள் கூட இல்லை. மஞ்சள் தலைக் கற்களின் மேல் மதில்கள் எழும்பிவிட்டன. எஸ்தர் அத்தையின் பேத்தி கம்பெனி பஸ்ஸுக்கு ஹைவேயில்தான் நிற்கிறாள். பாண்டி ஆடிய ஓரடி, மாமா போன பிறகும் அவர் பேரிலேயே, சுவராகி, தலையில் கண்ணாடிச் சில்லோடு நிற்கிறது. சுகந்தி தெரு மட்டும் ஓரிடத்தில் எங்கள் வீடு வரைக்கும் வருகிறது. செல்போன் மேப்பில் அதை நேராக இழுத்து, எங்கள் காலனித் தெருவோடு சேர்த்து வரைந்திருக்கிறார்கள். அதை நம்பி வருகிற டெலிவரிப் பையன்கள் சுவருக்கு மறுபக்கம் வந்து நின்று, போன் செய்து, ரோடு எங்கே மேடம் என்று கேட்பார்கள்.

போன வாரமும் ஒருவன் வந்தான். அம்மாவுக்கு மூட்டு வலி மருந்து. சுற்றி வர நேரம் இல்லை என்றான். சுவரருகே வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, கையை மேலே நீட்டினேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவனுக்குத் தெரியாது.

“பேரு சொல்லுங்க மேடம்,” என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.

“சுகந்தி.”

“தெரு பேரு போர்டுலயே கீது மேடம். உங்க பேரு இன்னா?”

“அதான் என் பேரு,” என்றேன். போதாது என்று தோன்றியது. அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் கத்திச் சொன்னேன்.